இரும்பு, மாங்கனீசு வினையூக்கிகளில் ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பென்னாகரம் பக்கத்தில் பிறந்து, தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.யும் படித்தவன். அப்புறம் முனைவர் பட்டம், வெளிநாட்டில் சில ஆண்டு ஆராய்ச்சி, இப்போது இந்தியாவில் ஓர் ஆய்வுக் குழு. அரிய, விலை உயர்ந்த உலோகங்கள் செய்யும் வேலையை இரும்பு, மாங்கனீசு போன்ற சாதாரண உலோகங்களைச் செய்ய வைப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஊருக்கு வரும்போதும் இரு மாவட்டக் கல்லூரிகளில் பேசப் போகும்போதும் மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வினையூக்கி ஆராய்ச்சி என்றால் கடைசியில் என்னதான் செய்கிறீர்கள்?

ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மூலக்கூறு மரத்தில் காய்ப்பதில்லை. சின்னச் சின்ன மூலக்கூறுகளை இணைத்து, பல படிகளில் செய்கிறார்கள். அந்தப் படிகளில் பலவும் தானாக நடக்காது. நடந்தாலும் நாம் விரும்பாத இடத்தில் நடக்கும். கொஞ்சம் உலோகச் சேர்மம் சேர்த்தால் அதே வினை குறைந்த சூட்டில், வேண்டிய இடத்தில் நடக்கும். உலோகம் வேலையை முடித்துப் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த மூலக்கூறுக்குப் போகும். பிளஸ் டூ பாடத்தில் வினைவேகமாற்றி என்று படித்தது இதைத்தான்.

அந்தச் சேர்மத்தை வடிவமைப்பது எங்கள் வேலை. எந்த உலோகம், அதைச் சுற்றி எந்த ஈனி (உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் குணத்தை மாற்றும் மூலக்கூறு), எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். நடந்தது ஏன் நடந்தது என்றும் கண்டுபிடிப்போம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பாதிதான் உண்மையான ஆராய்ச்சி.

பல்லேடியம் நன்றாகத்தானே வேலை செய்கிறது? எதற்கு மாற்ற வேண்டும்?

மிக நன்றாக வேலை செய்கிறது. பல்லேடியத்தைக் கொண்டு கார்பனோடு கார்பனை இணைக்கும் வினைகளுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. லோசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தைப் பெரிய அளவில் தயாரிக்க சுசுகி வினை பயன்பட்டது. அந்த உலோகத்தைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

சிக்கல் இருப்பில் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் இரும்பு எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். பல்லேடியமோ ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராம் என்ற கணக்கு. ரோடியமும் இரிடியமும் அதைவிடக் குறைவு. உலகப் பல்லேடியத்தில் பெரும் பகுதி ரஷ்யா, தென்னாப்பிரிக்கா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு சுரங்கத்தில் வேலை நிறுத்தம் என்றாலும், ஒரு போர் என்றாலும் விலை எகிறும். ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதே உலோகங்களுக்கு வண்டிகளும் போட்டிக்கு வருகின்றன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புகையைச் சுத்தமாக்க ஓசூரில் உருவாகும் இருசக்கர வண்டியின் சைலன்சர் வரைக்கும் பல்லேடியம், ரோடியம் போன்ற பிளாட்டினக் குடும்ப உலோகம் கூடுதலாகப் போகிறது. வேன்களின் சைலன்சரை மட்டும் கழற்றித் திருடிப் போகிறார்கள் என்று செய்தி வருகிறதே, அது உள்ளே இருக்கும் இந்த உலோகங்களுக்காகத்தான்.

மருந்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாய்வழி மருந்தின் மூலம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் உடலுக்குள் போகக் கூடாது என்கிறது சர்வதேச மருந்துத் தர விதி. எஞ்சிய பல்லேடியத்தை நீக்கவே ஆலைகள் தனியாகச் செலவு செய்கின்றன. இரும்புக்கும் மாங்கனீசுக்கும் நச்சுத்தன்மை குறைவு என்பதால் அந்த விதியில் வரம்பே வைக்கவில்லை.

இரும்பு அவ்வளவு மலிவு என்றால், எல்லோரும் முதலிலேயே இரும்பைப் பயன்படுத்தியிருக்கலாமே?

நல்ல கேள்வி. பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் 1913 முதல் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறார்கள் என்றால் அது இரும்பின் மேல்தான். அல்வின் மிட்டாஷ் என்பவரின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கொஞ்சம் அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த காந்த இரும்புத் தாதுவில் வந்து நின்றது. நூறு ஆண்டு தாண்டியும் அடிப்படை மாறவில்லை. பாலக்கோட்டுத் தக்காளிக்கு நாம் போடும் யூரியாவும் அந்த வழியில் வந்த அம்மோனியாவிலிருந்து கிடைப்பதுதான்.

ஆனால் அங்கே வினை நடப்பது ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில், 400 டிகிரி செல்சியசுக்கு மேல், பெரும் அழுத்தத்தில். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அதைத் தாங்கும். ஒரு மருந்து மூலக்கூறை அப்படிச் சூடாக்கினால் கரியாகிவிடும். கரைசலில், 100 டிகிரி அளவில், மூலக்கூறின் ஒரு மூலையை மட்டும் தொட்டு மற்ற மூலைகளை விட்டுவிட வேண்டும் என்றால் இரும்பு முரண்டு பிடிக்கிறது.

காரணம் எலக்ட்ரான்களில் இருக்கிறது. பல்லேடியம் பெரும்பாலும் இரண்டிரண்டு எலக்ட்ரான்களாகக் கொடுத்து வாங்கும். பிணைப்பு ஒன்று உடையும், ஒன்று உருவாகும், கணக்கு சுத்தமாக முடியும். இரும்பு, கோபால்ட், மாங்கனீசு ஆகியவை ஒற்றை எலக்ட்ரானாகவும் கொடுத்து வாங்கும். உடனே தனி உறுப்புகள் (ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுத் துண்டுகள்) தோன்றி, வேண்டாத பக்கவினைகள் கிளம்பும். காற்று பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், ஈனிகள் சீக்கிரம் கழன்றுவிடும். இரும்பின் பல சேர்மங்கள் பாராகாந்தத்தன்மை கொண்டவை (காந்தப்புலத்தால் ஈர்க்கப்படுபவை) என்பதால், மூலக்கூறின் அமைப்பை அறிய நாங்கள் தினமும் நம்பியிருக்கும் என்எம்ஆர் கருவியில் கோடுகள் அகன்று மங்கிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே மாஸ்பவர் நிறமாலை, எக்ஸ் கதிர்ப் படிகவியல் என்று வேறு வழிகளைத் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய விடையாக வந்தது ஈனி வடிவமைப்பு. உலோகத்தை மூன்று இடங்களில் கவ்விப் பிடிக்கும் பின்சர் வகை ஈனிகளில் உலோகம் கழன்று போவதில்லை. சில பின்சர்களில் ஈனியே வேலையிலும் பங்கெடுக்கும். உலோகம் ஒரு ஹைட்ரைடை (இரண்டு எலக்ட்ரானோடு வரும் ஹைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும்போது பக்கத்திலிருக்கும் நைட்ரஜன் ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்ளும். உலோகம் தனியாக இரண்டு எலக்ட்ரானுக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. சாதாரண உலோகத்துக்கு இது ஒரு பெரிய கைகொடுப்பு.

நம் மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு பழையது என்பதையும் இங்கே சொல்ல ஆசை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குக்கு கிமு 2172 என்று காலம் கணித்திருப்பதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து இரும்பை எடுத்த அந்த மனிதர்கள் செய்ததும் வேதியியல்தான்.

நீங்கள் செய்யும் ஒரு வினையை எளிமையாகச் சொல்ல முடியுமா?

என் மனதுக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். ஓர் ஆல்கஹாலையும், நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மமான ஓர் அமீனையும் இணைக்க வேண்டும். பழைய முறையில் ஆல்கஹாலை முதலில் ஒரு ஹாலைடாக (குளோரின், புரோமின் போன்றவை சேர்ந்த சேர்மமாக) மாற்றி, அப்புறம் அமீனோடு சேர்ப்பார்கள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உப்புக் கழிவு ஒன்று மிஞ்சும். புதிய முறையில் உலோகம் ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் ஆல்டிஹைடாகி, அமீனோடு தானாகச் சேர்ந்து இமீனாகும். உலோகம் வாங்கிய ஹைட்ரஜனை இமீனுக்குக் கொடுத்துவிடும். கைமாற்று வாங்கி அன்றைக்கே திருப்பித் தருவது போலத்தான். மிஞ்சும் கழிவு தண்ணீர் மட்டும்.

இன்னொரு வகையில் ஹைட்ரஜனைத் திருப்பித் தராமல் வாயுவாக வெளியே விடலாம். 2007-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் மில்ஸ்டீன் குழு ஆல்கஹாலையும் அமீனையும் நேரடியாக அமைடு என்ற வகைச் சேர்மமாக மாற்றியது. வெளியே வந்தது ஹைட்ரஜன் வாயு மட்டும். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சிதம்பரம் குணநாதன், இப்போது புவனேசுவரத்தில் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர். அன்று பயன்பட்ட உலோகம் ருத்தேனியம், அதுவும் அரியதுதான். 2016-இல் மில்ஸ்டீன் குழுவும் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் இருக்கும் மத்தியாஸ் பெல்லர் குழுவும் மாங்கனீசு பின்சர்களைக் கொண்டு ஆல்கஹாலையும் அமீனையும் இணைத்துக் காட்டின. பூமியில் இடைநிலை உலோகங்களில் இரும்பு, டைட்டானியத்துக்கு அடுத்து அதிகம் இருப்பது மாங்கனீசு. இந்தத் துறைக்குள் பலரும் கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்படியென்றால் மலிவான உலோகம் பயன்படுத்தினாலே அது பசுமை வேதியியலா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் துறையிலேயே பலர் இதைச் சுலபமாகக் கடந்துவிடுகிறார்கள்.

கோபால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லேடியத்தைவிட மலிவு. ஆனால் வாய்வழி மருந்துக்கான தினசரி வரம்பு 50 மைக்ரோகிராம், பல்லேடியத்துக்கு உள்ளதில் பாதி. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது உலகறிந்த செய்தி. நிக்கல் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், அதன் சில சேர்மங்கள் புற்றுநோய் வரவழைக்கும். அடுத்து ஈனி. நாங்கள் பயன்படுத்தும், பாஸ்பரஸ் கொண்ட பல பாஸ்பீன் ஈனிகள் உலோகத்தைவிடப் பல மடங்கு விலை அதிகம், பல படிகளில் செய்ய வேண்டும். பல்லேடியம் ஆயிரத்தில் ஒரு பங்கு போட்டால் போதும் என்ற இடத்தில் இரும்பு பத்து பங்கு வேண்டும், சூடு 50 டிகிரி கூட வேண்டும், கரைப்பான் இரண்டு மடங்கு வேண்டும் என்றால் மொத்தக் கணக்கில் பல்லேடியமே மேல்.

பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1998-இல் எழுதிய பசுமை வேதியியலின் 12 நெறிகளில் வினையூக்கி ஒன்பதாவதாக வருகிறது. மற்ற பதினொன்றும் சும்மா இல்லை. ஆகவே என் மாணவர்களிடம் உலோகத்தின் விலையை மட்டும் போடாமல் ஈனி, கரைப்பான், சூடு, கழிவு எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதச் சொல்வேன். அந்தத் தாளில் தோற்றுப்போகும் வினையை வெளியிடும்போது 'நிலைத்த' (சஸ்டெய்னபிள்) என்ற அடைமொழியைச் சேர்க்க விடமாட்டேன்.

ஆய்வகத்தில் கிடைத்த முடிவு உண்மை என்று எப்படி நம்புவது?

இந்தத் துறையில் சேருபவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. சில ஆண்டுகள் 'இரும்புக் குளோரைடு வினையூக்கி' என்று வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. 2009-இல் ஸ்டீபன் புக்வால்டு, கார்ஸ்டன் போல்ம் என்ற வேதியியலாளர்கள் சேர்ந்து சோதித்தார்கள். சுத்தம் குறைந்த இரும்புக் குளோரைடில் வினை நன்றாக நடந்தது; மிகச் சுத்தமானதில் மந்தமாகிவிட்டது. பத்து லட்சத்தில் சில பங்கு அளவில் கலந்திருந்த செம்பும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

இதற்கு முன்பே இன்னொரு கதை. உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடக்கிறது என்று நிக்கலஸ் லெட்பீட்டர் குழு 2003-இல் வெளியிட்டது. வினையில் சேர்த்த சோடியம் கார்பனேட்டில் நூறு கோடிக்கு 50 பங்கு அளவில் பல்லேடியம் ஒளிந்திருந்ததை அவர்களே தேடிப் பிடித்து, 2005-இல் அவர்களே எழுதினார்கள். அந்த இரண்டாவது கட்டுரைக்கு நான் தரும் மதிப்பு மிகப் பெரியது. அதனால்தான் எங்கள் குழுவில் பழைய காந்தக் கிளறிகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை. முன்பு பல்லேடியம் தொட்ட கிளறியின் மேல் அதன் சுவடு ஒட்டியிருக்கும்.

ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் கழுவுவது, உலர்த்துவது, காத்திருப்பது. காற்று புகாமல் மூடி, ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸ் என்ற பெட்டிக்குள், அதில் பொருத்திய கையுறை வழியாகக் கைவிட்டு எடை போடுவோம். உள்ளே ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். வினையை இரவு முழுக்க ஓட விட்டு, காலையில் கருவியில் பார்ப்போம். பல நாள் ஒன்றும் நடந்திருக்காது. அதைத் தாங்கும் மனம் இருந்தால் இந்த வேலை இனிக்கும்.

'தம்பி, பொண்ணை இதுக்கு அனுப்பலாமா? கெமிக்கல் உடம்புக்கு ஆகாதே?'

அனுப்பலாம் அம்மா. காற்றில் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளும், மூச்சில் போகக் கூடாத கரைப்பானும் இருக்கின்றன. இதை மறைக்க மாட்டேன். புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் வேலை, கண்ணாடியும் மேலங்கியும் கையுறையும் கட்டாயம், இரவில் தனியாக வினை வைக்கக் கூடாது. இந்த மூன்றும் நடைமுறையில் இருக்கும் ஆய்வகமா என்று சேரும் முன் நேரில் பார்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் பேராசிரியரிடம் சேர்க்க வேண்டாம். மகப்பேறு காலத்தில் வேலையைக் கணினிக் கணக்கீட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ள முடியும்.

'அண்ணா, நான் தமிழ் வழியில் படிச்சேன், அரசுக் கல்லூரி. முடியுமா?'

முடியும். நானும் அதே வழியில் வந்தவன்தான். வேதியியல் அறிவில் நம் பிள்ளைகள் பின்தங்கியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பின்தங்குவது தகவலில். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே பி.எஸ்சி. முடித்தவர் நேராக ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் சேரலாம் என்பது இங்கே இறுதியாண்டு மாணவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தெரியும்போது விண்ணப்பத் தேதி போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் இதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, அதே அதிகாரத்தை ஆங்கில நூலில் மறுபடி வாசியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி தானாகப் பிடிபடும். பேச்சு ஆங்கிலம் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு வந்துவிடும்.

எந்தெந்தத் தேர்வு எழுத வேண்டும்?

பிளஸ் டூ முடித்தவுடன் என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஐஏடி (IAT), நைசருக்கு நெஸ்ட் (NEST). பி.எஸ்சி. இறுதியாண்டில் ஜாம் (JAM), ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரவும், நான் சொன்ன பெங்களூரு படிப்புக்கும் அதுதான். எம்.எஸ்சி. படிக்கும்போது ஆண்டுக்கு இரு முறை நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் (NET), அப்புறம் கேட் (GATE). நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் காரைக்குடி மின்வேதியியல் நிறுவனம், சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம், புனே தேசிய வேதியியல் ஆய்வகம் என எங்கும் கதவு திறக்கும். சென்னை ஐஐடியில் வினையூக்கி ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

அதுவரை பணத்துக்கு என்ன செய்வது? எத்தனை வருடம் ஆகும்?

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து உதவித்தொகையும் கிடைத்துவிட்டால், 2023 ஜனவரி முதலான விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு மிஞ்சும். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும்.

ஆண்டுகளைப் பற்றி: பிளஸ் டூவுக்குப் பிறகு பட்டங்களுக்கு ஐந்து, முனைவர் பட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு, அதற்குப் பின் முதுமுனைவர் ஆய்வு (போஸ்ட்டாக்) சில ஆண்டு. நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டிவிடும். கல்யாணப் பேச்சு, வீட்டுக் கடன், தங்கை படிப்பு எல்லாம் நடுவில் வரும். பெற்றோரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவழியில் சொல்லும்போதுதான் மனக்கசப்பு வருகிறது.

வெளிநாடு போயே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பேராசிரியர் வேலைக்கு அது உதவும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையை நம்மவர்கள் பலர் பெற்றிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்றால் ஓசூரில் வேலை கிடைக்குமா?

எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் கிடைக்கும். ஓசூர் பகுதியில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகள் உண்டு. பெங்களூருவில் சின்ஜீன் போன்ற ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களும் ஹைதராபாத்தில் மருந்து ஆலைகளும் கரிம வேதியியல் தெரிந்தவர்களைத் தொடர்ந்து எடுக்கின்றன. வினையூக்கியில் முனைவர் பட்டம் இருந்தால் பெரிய அளவில் வினையை மாற்றியமைக்கும் பிரிவில் நல்ல இடம் கிடைக்கும்.

நம் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, உங்கள் வினையூக்கியால் அதை நீக்க முடியாதா?

எங்கள் பக்கத்தில் பல் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் இந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. ஆனால் வினையூக்கி பிணைப்பை உடைக்கவும் உருவாக்கவும்தான் உதவும். ஃபுளோரைடு ஓர் அயனி, உடைக்க அதில் ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு பொருளின் மேல் ஒட்ட வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஊக்குவிக்கப்பட்ட அலுமினா அதைச் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் உண்டு. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊர்களில் அந்தக் குழாய்த் தண்ணீரையே குடியுங்கள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள். இந்தத் திசையில் ஆராய விரும்பும் மாணவர் பரப்புக்கவர்ச்சி (ஒரு பொருளின் மேற்பரப்பில் இன்னொன்று ஒட்டுவது) பற்றிய வேதியியல் படிக்கலாம். எங்கள் துறையைவிட ஊருக்கு நேரடிப் பயன் அதில் அதிகம்.

இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. உடனே என்ன செய்யலாம்?

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் (சயின்ஸ் அகாடமிகள்) சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் முடிந்துவிடும். ஏன் இந்த ஆராய்ச்சி என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். அந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதுங்கள், கடையில் கொடுத்து எழுதி வாங்காதீர்கள், படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பரிந்துரைக்கு உங்கள் துறை ஆசிரியரை ஒரு மாதம் முன்பாகவே பார்த்துப் பேசிவிடுங்கள்.